எதுவரைக்கும் வரலாம்

எங்கள் நாய்க்குப் பெயர் கச்சான். பின்னேரம் மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் நாய் திரும்பாது, கடலை விற்கிறவர் திரும்புவார். சும்மா கூப்பிட்ட குற்றத்துக்காகவே நாலைந்து தடவை சுருள் வாங்கியிருக்கிறேன். இப்போது அவருக்கும் பழகிவிட்டது. நான் கத்தினால், "உங்கட ஆள் அங்கால தோணியடியில நிக்கிறார் சேர்" என்று கையைக் காட்டுகிறார்.

பெயர் கடலையால் வந்ததல்ல, காற்றால் வந்தது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து எங்கள் பக்கம் ஒரு காற்று இறங்கும். மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி, சூடாக வரும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட துணி அரை மணியில் பப்படமாகிவிடும். அதுதான் கச்சான். போன வருடம் அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், நாவலடிப் பக்கத்து மீன் வாடி ஒன்றில் கவிழ்த்து வைத்திருந்த தோணியின் கீழே என் மகள் ஐந்து குட்டிகளைக் கண்டாள். தாய் தெருநாய். வாடிக்காரர், "ஒண்டைக் கொண்டு போ புள்ள, மற்றதுகளுக்கும் ஆள் வரும்" என்று சொல்லிவிட்டார். வறுத்த கடலைத் தோலின் நிறம். ஒரு காது நிமிர்ந்து, மற்றது மடிந்து.

நான் வேண்டாம் என்றேன். நாய் பிடிக்காது என்பதில்லை. வெள்ளி மாலை பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுகிற ஆள் நான். ரயிலில் ஏறிக் கொழும்பு, இல்லாவிட்டால் பஸ்ஸில் பொத்துவில், உகந்தை. வீட்டில் நாய் வந்தால் இதெல்லாம் முடிந்தது என்று சொன்னேன். சொன்னது அப்படியே நடந்தது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன், பிறகு ஒருவரும் மறுக்கக்கூடாது.

ஆனால் முடிவெடுக்கிற அதிகாரம் எனக்கு எங்கே இருக்கிறது? கல்லடி வீடு மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், ஆண் போய்ச் சேருகிறவன். ஆகவே நாய் எதுவரைக்கும் வரலாம் என்பதை மாமிதான் விதித்தார். விறாந்தை சரி. மண்டபம், மழை பெய்தால் மட்டும். குசினியும் சாமியறையும் கூடவே கூடாது. நான் கல்யாணம் முடித்து வந்த புதிதில் எனக்கு இருந்த எல்லைகளும் ஏறத்தாழ இவைதான்.

மாமிக்கு முன்னாலேயே மிருக வைத்தியர் ஒரு எல்லை போட்டிருந்தார். குட்டிக்கு ஆறு ஏழு வாரம் இருக்கும். மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக ஊசிகள் போட்டு நாலு மாதம் கடக்கும்வரை இவனைத் தெருமண்ணில் விடாதீர்கள் என்றார். பார்வோ என்கிற வைரஸ், நோய்ப்பட்ட நாயின் மலத்திலிருந்து மண்ணுக்குப் போனால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்குமாம். நான் இதைக் கொஞ்சம் மிகைப்படுத்திய பேச்சு என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து வாடிக்காரரைக் கண்டபோது, தோணியடியில் மிச்சமிருந்த இரண்டும் இரத்தமாகக் கழிந்து, ஒரே நாள் இடைவெளியில் செத்துப்போனதைச் சொன்னார். அன்றிலிருந்து கச்சானின் கால் தெருவில் படவில்லை. மாமி சந்தைக்குக் கொண்டுபோகிற பனையோலைக் கூடைக்குள் அவனை இருத்தி, சைக்கிளின் முன்னால் கட்டி, காலையில் ஒரு சுற்றுக் கொண்டுபோவேன். 48 வயது ஆள் கூடையில் நாய்க்குட்டியோடு பாலத்தில் போனால் என்னென்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பாலம் என்றது பழைய கல்லடிப் பாலத்தை. 1924இல் கட்டியது. 2013இல் பக்கத்தில் புதியது வந்தபிறகு பாரமெல்லாம் அதற்குப் போய்விட்டது. பழையதில் காலையில் நடக்கிறவர்கள், தூண்டில்காரர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள். அந்தக் கூடையால்தான் எத்தனையோ வருடமாகத் தலையாட்டிவிட்டுப் போன ஆட்களோடு நின்று பேசத் தொடங்கினேன். என்னைத் தெரியாதவர்களுக்கும் கச்சானைத் தெரியும். ஊசி எல்லாம் முடிந்து அவனை முதல்முறையாக இறக்கிவிட்டபோது பாலத்தில் பத்தடி வந்தான், இரும்புப் பொருத்து ஒன்றின் இடுக்கால் கீழே தண்ணீர் ஓடுவதைக் கண்டான், நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டான். இன்றுவரை அந்தப் பொருத்தைத் தாண்டியதில்லை. (எங்கள் வாவியின் பாடும் மீன் அவனுக்குக் கேட்குமோ என்று மகள் கேட்கிறாள். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே சரியாகக் கேட்டதில்லை.)

ஐந்தாம் மாதத்தில் பல் விழுந்தது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு செருப்புக்கும் சோடி இல்லை. நான் கயிற்றுத்துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், செருப்புத் தப்பியது. ஒரு காலை விறாந்தை கூட்டும்போது கயிற்று நாருக்குள் அரிசி மாதிரி ஏதோ சிக்கியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் பல். குருணல் அரிசி அளவு, உள்ளே குழாய்போல வெறுமை, நுனி மட்டும் ஊசி. மகள் அதைத் தன் பழைய பற்கள் கிடக்கிற தகரப்பெட்டிக்குள் போட்டு வைத்தாள். இப்போது எது யாருடையது என்று பிரிக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

இதெல்லாம் வீட்டோடு. பயணம் என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாட்களில் திருக்கோவிலில் ஒரு சந்திப்பு. எங்களோடு உயர்தரம் படித்தவன் ஒருவன் லண்டனிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்திருந்தான். அவனுடைய அக்கா வீடு அங்கே கடற்கரையோரம். வழியில் களுதாவளையில் என் அம்மாவைக் கண்டு கைவிசேஷக் காசு வாங்க வேண்டும், நிந்தவூரில் இன்னொரு நண்பன் இருக்கிறான். மாமி கொழும்பில் மச்சாள் வீட்டில். ஆக நாயையும் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. பஸ்காரரிடம் கேட்டேன். கோழி என்றால் ஏற்றலாம், நாய் ஏலாது என்றார். அதில் ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும். கடைசியில் மனைவியின் தம்பி தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான்.

திருக்கோவில் கல்லடியிலிருந்து 75 கிலோமீற்றர் அளவில். குட்டி நாய்களுக்கு ஓட்டம் ஒத்துக்கொள்ளாது, வெறும் வயிற்றோடு கொண்டுபோங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சொன்னதை மனைவி கேட்டாள், நான் கேட்டேன், மச்சினன் கேட்கவில்லை. வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினபோது மீன் வைத்த மாலுபண் ஒன்றை முழுசாகக் கொடுத்திருக்கிறான். கிரான்குளம் தாண்டவில்லை, கச்சான் தலையைக் கீழே போட்டு, முதுகைக் கூனி, அம்மாவுக்கென்று கட்டிக்கொண்டு வந்த பலகாரப் பைக்குள் எல்லாவற்றையும் திருப்பித் தந்தான். கொக்கிசும் பயற்றம் பணியாரமும். நாலு பேரும் ரோட்டோரத்தில் இறங்கி நின்றோம். மகள் மட்டும் சிரித்தாள்.

அம்மா வாசலில் நின்றார்.

"என்ன மனே, இவரையும் கூட்டியா வந்த நீ?"

"ஓம் அம்மா. பலகாரம் போச்சு."

"போகட்டும். அவருக்கு ஒரு சட்டியில தண்ணி வை. படி ஏறக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அம்மா வீட்டு வாசலில் மூன்று படி. முதலாவது படியில் கச்சான் முன்னங்காலை வைத்தான். அம்மா "ச்சீ" என்றார், அவ்வளவுதான். காலை எடுத்துவிட்டான். எங்கள் வீட்டில் ஒரு மாதம் கத்தியும் பழக்க முடியாததை அம்மா ஒரு எழுத்தில் முடித்தார். முற்றத்தில் கோழிகள் திரிந்ததால் அவனை வாசல் தூணில் கயிற்றால் சுற்றிக் கட்டினேன். அம்மா கயிற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

குட்டி வந்த செய்தியைப் போன வருடம் போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி. என்ன நிறம், ஆணா பெண்ணா, ஒன்றுமில்லை. "கட்டியா வச்சிரிக்காய்?"

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் எழும்பி ஓடியபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்களிடம் வீமன் என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. பகலில் சங்கிலியில் நிற்கும், இரவில் அவிழ்ப்போம். நாங்கள் ஓடியது பகலில். குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவையில், ஏறி மண்டூர்ப் பக்கம் கடக்க வேண்டும். ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவானில் பிரச்சினை என்றால் படுவானுக்கு, படுவானில் என்றால் எழுவானுக்கு, ஆறு நடுவில் இருந்ததுதான் எங்களுக்குப் பாதுகாப்பு. ஒழுங்கை முனைக்கு வந்தபிறகு அம்மா தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். அப்பா ஏசினார். சித்தி குழறினாள். அம்மா போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். அவருக்குப் பின்னால் வீமனும் வந்தது. துறையில் பாதை நிரம்பி, மனிதருக்கே இடமில்லை. பாதை விலகியபோது வீமன் கரையோரம் அங்குமிங்கும் ஓடி, வயிறு நனையும்வரை தண்ணீரில் இறங்கி, பிறகு ஏறிப்போய்க் கரையில் இருந்துகொண்டது. மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பினோம். வீமன் இல்லை. அதற்குப் பிறகு அம்மா நாய் வளர்க்கவில்லை. இடையில் 2004 சுனாமி வந்தது, அப்பாவும் போய்ச்சேர்ந்தார். வீமனைப் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சாப்பிட்டு, கைவிசேஷமும் களுதாவளை வெற்றிலையும் வாங்கிக்கொண்டு மத்தியானம் கிளம்பினோம்.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவில் வருகிற இடத்தில் மனைவி கும்பிட்டாள், கச்சானின் தலையையும் பிடித்துக் குனிய வைத்தாள். அந்தக் கோவிலில் புரட்டாசியில் பதினெட்டு நாளும் பாரதக் கதைதான், வனவாசம், தவநிலை, கடைசியில் தீமிதிப்பு. பாரதம் தெரிந்த ஊர்க்காரருக்கு நாயைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எல்லாம் முடிந்து தருமர் மலை ஏறுகிறார். பெண்சாதியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக விழுந்துபோக, கூடவே வந்தது ஒரு நாய் மட்டும். சொர்க்கத்து வாசலில் இந்திரன் தேரோடு நிற்கிறான்: நீ வரலாம், நாய் வரக்கூடாது. தருமர் அப்படியென்றால் நானும் வரவில்லை என்கிறார். "பஸ்காரனும் அதைத்தானே சொன்னவன் அத்தான்" என்றான் மச்சினன், ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே.

நிந்தவூர் நண்பனை எனக்கு 2005இலிருந்து பழக்கம். கடல் வந்து போன அடுத்த மாதங்களில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இரண்டு பேரும் வீடிழந்தவர்களின் பட்டியல் எடுக்கிற வேலை. ஒரே மோட்டார் சைக்கிளில், மாறிமாறி ஓட்டிக்கொண்டு, மருதமுனையிலிருந்து கோமாரிவரை போகாத ஒழுங்கை இல்லை. பிற்பாடு சில காலம் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகாமல் இருந்ததும் உண்டு. ஏன் என்று இந்தப் பக்கத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களிலும் பெருநாளைக்கு வட்டிலப்பம் யாருடைய கையிலாவது வந்து சேர்ந்துவிடும்.

ஆனாலும் நாயோடு அவன் வீட்டுக்குப் போவதா என்று எனக்கு யோசனை. முதல் நாளே போன் எடுத்து, ரோட்டிலேயே கண்டுவிட்டுப் போகிறோம் என்றேன். "விசர்க்கதை கதைக்காத மச்சான், வீட்டுக்கு வா" என்று வைத்துவிட்டான்.

போய் இறங்கினால் மாமரத்தடியில் ஏற்கனவே இடம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. "நீங்க உள்ளுக்கு வாங்க. இவரு இதில நிக்கட்டும், நல்ல நிழல்." அவன் சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வாளியும் நீளப் பிடி வைத்த சிரட்டை அகப்பையுமாக வந்தான். மரத்தடியில் பழைய தாச்சி ஒன்று வைத்திருந்தது. ஒரு பாகத் தூரம் தள்ளி நின்று, கையை நீட்டி, தண்ணீர் சிதறாமல் மெதுவாக அதற்குள் ஊற்றினான். கச்சான் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு அகப்பை. மறுபடி நிமிர்ந்தான். இன்னொன்று.

"எச்சில் பட்டா எங்களுக்கு ஏழு தரம் கழுவ வேணும், அதில ஒருதரம் மண்ணால. அதான் தள்ளி நிக்கிறன், குறை நினைக்காத" என்றான். பிறகு நாயைப் பார்த்தபடியே சொன்னான்: தாகத்தில் நாக்கு வெளியே தொங்க ஈரமண்ணை நக்கிக்கொண்டு நின்ற ஒரு நாய்க்கு, ஒரு மனிசன் கிணற்றுக்குள் இறங்கித் தன் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தானாம். அல்லாஹ் அவனுடைய பாவத்தை மன்னித்தானாம். "ஹதீஸில இரிக்கு. உம்மா சின்னதில சொல்லித் தந்த."

குறை நினைக்க என்ன இருக்கிறது? என் மாமியை விட அவன் நாய்க்குச் செய்த ஏற்பாடு அதிகம். போகும்போது அந்தத் தாச்சியையும் தந்துவிட்டான், ஓட்டோவுக்குள் தேவைப்படும் என்று.

திருக்கோவிலில் லண்டன்காரன் முதலில் கேட்டது, "இவனுக்கு விசர் ஊசி போட்டாச்சா?" மூன்றாம் மாதத்தில் போட்டது, வருடம் முடிய மறுபடி போட வேண்டும், அரசாங்கத்து ஆட்கள் வந்தால் இலவசம் என்று சொல்லி அட்டையையும் காட்டிய பிறகுதான் காலைக் கீழே இறக்கினான். அவனுடைய ஊரில் விசர்நாய்க்கடி என்பதே இல்லையாம். அவனிடமும் நாய் உண்டு. அங்கே 2016இலிருந்து ஒவ்வொரு நாய்க்கும் தோலுக்குள் சிப் வைக்க வேண்டும் என்று சட்டம். அதற்குக் காப்புறுதி வேறு. இவன் இங்கே நிற்கிற நாட்களுக்கு நாய் விடுதியில் நிற்கிறதாம், தினமும் படம் அனுப்புகிறார்கள். மச்சினன் அந்தப் படங்களை எல்லாம் மிக மரியாதையாகப் பார்த்தான்.

இரவு கடற்கரையில் இருந்தோம். கோவில் மணி கேட்கிற தூரம். கதிர்காமத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப்போகிற கோவில் அது. அவர்களோடு ஒட்டிக்கொண்டு நடக்கிற நாய்களை நான் கண்டிருக்கிறேன், யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கச்சான் அலை போகிறபோது துரத்தி, வருகிறபோது ஓடி, கடைசிவரை கால் நனைக்காமல் விளையாடினான். பழைய கதைகள் எல்லாம் எடுத்தோம். யார் யாருக்குக் கடிதம் கொடுத்தது, யார் இயக்கத்துக்குப் போனது, யார் திரும்பவில்லை. அந்த இடத்தில் கதை தானாக நின்றது.

லண்டன்காரன் நாயைக் கூப்பிட்டான். முன்னால் நிறுத்தி, விரலை நீட்டி, "சிட்" என்றான். கச்சான் அவன் விரலை மோந்து பார்த்தான். "சிட். சிட்." இல்லை. "இவனுக்கு ஒண்டும் பழக்கல்லியா மச்சான்" என்று என்னைக் கேட்டுவிட்டு, சலிப்பில் வாய் தவறி, "இரியன்டா" என்றான். கச்சான் பொத்தென்று மணலில் இருந்தான். எங்களுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவன் மட்டும் நாயின் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டு, இரி, எழும்பு, இரி, எழும்பு என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் திரும்பும்போது கல்லாற்றுக்குக் கிட்ட வானம் கறுத்துவிட்டது. சித்திரை மாதத்துப் பின்னேர மழை தெரியும்தானே, முதலில் காற்று, பிறகு இடி, பிறகுதான் தண்ணீர். களுதாவளையில் அம்மா வீட்டுக்குள் ஓட்டோவைச் செருகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நாங்கள் உள்ளே ஓடினோம். போகிற அவசரத்தில் கச்சானின் கயிற்றை நேற்றைப்போலவே தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

இடி இடித்தது. அவன் படிக்குக் கீழே, கூரைத் தூவானத்தில் நனைந்துகொண்டு நடுங்கினான். அம்மா கதவுநிலையில் நின்று பார்த்தார்.

"உள்ள வாவன்டா."

அவன் படியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வரவில்லை.

"வா எண்டுதானே சொல்றன். இவருக்கு ரோசம்."

அம்மா உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து முதலாவது படியில் விரித்தார். முழங்கால் நோவோடு மெல்ல இறங்கி, அதற்கு மேற்படியில் தானும் குந்தினார். சேலைத் தலைப்பு நனைந்தது. பிறகு எட்டிக் கையை நீட்டித் தூணில் இருந்த கயிற்றை அவிழ்த்து, அவன் கழுத்துப் பட்டியிலிருந்தும் கழற்றி, சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

கச்சான் சாக்கில் ஏறிப் படுத்தான். மழை விட ஒரு மணித்தியாலம் எடுத்தது. கல்லடிக்கு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது அடுத்த நாள் காலை பாலத்தடிக்குப் போகக் கிளம்பும்போதுதான் தெரிந்தது.